உங்கள் இணையதளம் எந்த ஊரில் குடியிருக்கிறது?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? அத்திப்பட்டு வரும்போது வலப்பக்க ஜன்னலில் எட்டிப் பாருங்கள். வானத்தைத் தொடுவதுபோலப் புகைபோக்கிகள் நிற்கும். வள்ளூர் அனல் மின் நிலையம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மூன்று யூனிட்கள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட்.

இணையதளம் பற்றிச் சொல்ல வந்துவிட்டு நிலக்கரிக் கதை எதற்கு என்கிறீர்களா? இருங்கள், வருகிறேன்.

உங்கள் பள்ளிக்கு ஓர் இணையதளம் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுவிழாப் படங்கள், கபடி அணி வாங்கிய கோப்பை, உங்கள் கவிதைகள் எல்லாம் தயார். இவை எங்கே இருக்கும்? 'இன்டர்நெட்டில்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது! எங்கோ ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், ஒரு கணினியின் உள்ளேதான் அவை இருக்க வேண்டும். அந்தக் கணினிக்குப் பெயர் சர்வர். ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறாரே, அவரும் சர்வர்தான். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. கேட்டதைக் கொண்டுவந்து தருவது!

உலகின் முதல் இணைய சர்வர் சுவிட்சர்லாந்தில், செர்ன் என்ற அறிவியல் ஆய்வு நிலையத்தில் இருந்தது. வைத்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. 1990ஆம் ஆண்டு இறுதியில் அது வேலை செய்யத் தொடங்கியது. அந்தக் கணினிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். இது சர்வர், இதை யாரும் அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. யாராவது சுவிட்சை அணைத்திருந்தால், அன்றைக்கு உலகில் இருந்த ஒரே இணையதளமும் மறைந்திருக்கும்!

'எங்கள் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாமே' என்று ஒரு குரல் கேட்கிறது. வைக்கலாம். தவறே இல்லை. ஆனால் இரவு 2 மணிக்குத் துபாயிலிருந்து உங்கள் மாமா தளத்தைத் திறந்தால், அப்போதும் கணினி விழித்திருக்க வேண்டும். கரண்ட் போனால் தளமும் போச்சு! தம்பி கேம் விளையாட உட்கார்ந்தால் வேகம் குறையும். அதனால்தான் பெரும்பாலோர் வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். அதுதான் வெப் ஹோஸ்டிங்.

அப்படி வாடகைக்கு விடும் சர்வர்கள் தரவு மையம் எனப்படும் கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். சென்னையில் அம்பத்தூரிலும், அதற்கு வெளியே சிறுசேரியிலும் இவை உண்டு. ராத்திரி பகலாக மின்சாரம் வேண்டும். சூடாகிவிடும் என்பதால் ஏசியும் நிற்காமல் ஓட வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் நொடியில் பேட்டரி கைகொடுக்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓடும். வள்ளூர் மின்சாரம் இவற்றுக்கென்று தனிக் கம்பியில் போவதில்லை. மற்ற நிலையங்களின் மின்சாரத்தோடு கலந்துதான் ஊருக்கெல்லாம் போகிறது. ஆனாலும் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, எங்கோ ஒரு நிலையம் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது நிஜம்.

உங்கள் தளம் உள்ளூரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரிலும் குடிவைக்கலாம். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கடியில் சுமார் 3,200 கி.மீ. நீளக் கேபிள் போட்டார்கள். இப்படிப்பட்ட கேபிள்கள் வழியாகத்தான் பக்கங்கள் பயணம் செய்கின்றன.

சரி, வாடகை எப்படி? மலிவானது, பலர் ஒரே சர்வரைப் பகிர்வது. நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் மாதிரி! பக்கத்துக் குடித்தனக்காரர் குழாய்த் தண்ணீரை எல்லாம் பிடித்துக்கொண்டால் உங்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பெரிய நிறுவனங்கள் சர்வர் முழுவதையும் தனி வீடாக எடுத்துக்கொள்கின்றன. பள்ளித் தளத்துக்கு ஒண்டுக்குடித்தனமே போதும் என்பேன். 1,330 குறள்களையும் தட்டச்சு செய்து வைத்தால் ஒரு எம்.பி.கூட வராது. இடத்தை விழுங்குவது படங்கள்தான். 4 எம்.பி. அளவுள்ள ஒரு படத்தை 500 பேர் பார்த்தால், சர்வர் 2,000 எம்.பி. அனுப்ப வேண்டும்! அதனால் படங்களைச் சிறிதாக்கிப் போடுங்கள்.

வீடு வேறு, முகவரி வேறு. இங்கேதான் பெரியவர்களே குழம்புகிறார்கள். தளத்தின் பெயரை டொமைன் என்பார்கள். '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் உண்டு. செல்போனில் 'அத்தை' என்று தொட்டால் அத்தையின் எண்ணுக்கு அழைப்பு போகிறது அல்லவா? அதுபோல, தளத்தின் பெயரைக் கொடுத்தால் சர்வரின் எண்ணைச் சொல்ல டி.என்.எஸ். என்றொரு ஏற்பாடு இருக்கிறது. வீடு மாறினால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், பெயர் அப்படியே இருக்கும்.

ஆனால் பெயருக்கும் தவணை உண்டு. முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால்? 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரம். மைக்ரோசாப்ட் தன் 'பாஸ்போர்ட்.காம்' பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. நம் நாட்டுக்காரரான சபீர் பாட்டியா சேர்ந்து தொடங்கி, பிறகு மைக்ரோசாப்ட் வாங்கிய ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. கடைசியில் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணினி நிரலாளர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டினார். தளம் திரும்பி வந்தது! அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

இன்னொரு கதையும் கேளுங்கள். ஜியோசிட்டீஸ் என்றொரு இடம் 1994இல் தொடங்கியது. இலவசமாக இணையப் பக்கம் கொடுத்தார்கள். படிப்பு, இலக்கியம் என்றால் 'ஏதென்ஸ்' பேட்டை, சினிமா என்றால் 'ஹாலிவுட்' பேட்டை, அதில் உங்களுக்கு ஒரு வீட்டு எண்! உலகமே ஓடிப்போய்க் குடியேறியது. 1999இல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. முன்பே அறிவித்தார்கள்தான். பிரதி எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் அழிந்தன. ஆர்வலர்கள் சிலர் இரவு பகலாகப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

இப்போது மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல், பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அந்தக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துப் பரப்பலாம், முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்காதீர்கள் என்று அனுமதியும் தந்தார்கள். ஒரு சர்வர் நின்றுபோனால் என்ன? யாரோ ஒருவரின் கணினியில் இன்னொரு பிரதி இருக்கும்!

உங்கள் பள்ளிக்கு ஏற்கெனவே இணையதளம் இருக்கிறதா? திங்கட்கிழமை கணினி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். சார், நம் தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? எந்தத் தேதியில் முடிகிறது? மொத்தத் தளத்தின் பிரதி நம் பள்ளியில் ஒரு பென் டிரைவிலாவது இருக்கிறதா? அவர் கொஞ்சம் தலையைச் சொறிந்தால், அன்றைக்கே உட்கார்ந்து பிரதி எடுக்க நீங்களும் கூட இருந்து உதவுங்கள்.