மக்காச்சோள ஹெடர்: முதலில் டேப் எடுங்க



இந்த வார எபிசோடில் தானாக ஓடும் டிராக்டரைப் பற்றிப் பேசும்போது, போகிற போக்கில் "மக்காச்சோள ஹெடர்" என்று ஒரு வார்த்தையை விட்டுட்டுப் போயிட்டேன். விளக்க நேரம் இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

ஆக்லாந்திலிருந்து பாம்பே ஹில்ஸ் தாண்டி வைக்காட்டோவுக்குள் போனால், மார்ச் மாதம் சாலையோரம் நெடுக மக்காச்சோளம்தான். அதில் பெரும்பகுதி மாட்டுக்கு. செடியை முழுசாகத் துண்டு போட்டு சைலேஜ் ஆக்கிவிடுவார்கள். அதற்கு வேறு இயந்திரம். மணிக்காகக் காயவிட்ட வயலில்தான் கம்பைன் இறங்கும்.

கம்பைன் ஒரே வண்டி. முன்னால் மாட்டுகிற ஹெடர்தான் பயிருக்குப் பயிர் மாறும். கோதுமை ஹெடரில் கத்தி இருக்கும், பயிரை அறுக்கும். மக்காச்சோள ஹெடர் கதிரை மட்டும் ஒடித்து எடுக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வாய். வாயின் இரண்டு பக்கமும் கூம்பு மாதிரி மூக்கு. உள்ளே எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் தட்டையைக் கீழே இழுக்கும். அவற்றுக்கு மேலே இரண்டு தகடுகள், நடுவில் ஒரு சந்து. தட்டை சந்து வழியாக இறங்கிவிடும். கதிர் பருமன் என்பதால் தகட்டில் மோதி ஒடியும். சங்கிலி அதை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அவ்வளவுதான். சென்சார் எதுவும் இல்லாமல், வெறும் அளவை வைத்தே தட்டையையும் கதிரையும் பிரிக்கிற இந்த ஐடியா எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாம் அந்தச் சந்தில்தான் இருக்கு. அகலமாக விட்டால் கதிரின் அடிப்பகுதி உருளையில் பட்டு மணி உதிரும். குறுக்கினால் தட்டை ஒடிந்து, குப்பையெல்லாம் உள்ளே போய் அடைக்கும். முன்பக்கம் 32 மில்லிமீட்டர், பின்பக்கம் 35 என்று ஆரம்பிப்பது வழக்கம்; பிறகு தட்டையின் தடிமனைப் பார்த்து மாற்ற வேண்டும். புது ஹெடர்களில் ஓட்டுநர் கேபினில் இருந்தே இதை மாற்றலாம். இத்தாலியின் டிராகோ ஹெடரில் தகடே தட்டைக்கு ஏற்றபடி தானாக நகரும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிராண்ட் இல்லை, வரிசை இடைவெளி. நியூசிலாந்தில் வழக்கமான இடைவெளி 76 செ.மீ., அதாவது 30 அங்குலம். வரிசை எண்ணிக்கையும் விதைக்கும் கருவியோடு ஒத்துப்போகணும். 8 வரிசையாக விதைத்த வயலில் 8 அல்லது 4 வரிசை ஹெடர் சிக்கல் இல்லாமல் போகும். 6 வரிசை போட்டால், விதைக்கும் வண்டி திரும்பி வந்த இடத்தில் இடைவெளி கூடிக் குறைந்திருக்குமே, அந்த இடம் ஹெடருக்கு நடுவில் வந்து மாட்டும். ஜிபிஎஸ் வைத்து விதைத்தால் இந்தத் தொல்லை குறைவு. ஜான் டீரின் ரோசென்ஸ் என்ற அமைப்பில் மூக்கில் உள்ள தொடு சென்சார் தட்டையைத் தடவிப் பார்த்து, ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து வண்டியைத் திருப்பும்.

சரியாக ஓடுதா என்று எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்து, ஹெடர் கடந்துபோன ஆனால் வண்டியின் பின்பக்கம் இன்னும் எட்டாத தரையில் ஒரு சதுர மீட்டரில் மணிகளை எண்ணுங்க. ஒரு மணி சுமார் 0.3 கிராம். 20 மணி கிடந்தால் ஹெக்டேருக்கு 60 கிலோ போச்சு. முழுக் கதிர் விழுவது இன்னும் மோசம்: 10 சதுர மீட்டருக்கு, 150 கிராம் மணி உள்ள ஒரே ஒரு கதிர் விழுந்தாலே 150 கிலோ. வண்டிக்குப் பின்னால் மட்டும் எண்ணினால் தப்பு ஹெடரிலா, உள்ளே கதிரடிக்கும் பகுதியிலா என்று பிரிக்க முடியாது. நம்ம ஆளுங்களுக்கு இதைச் சொல்லித் தரணுமா என்ன, டீபக்கிங்தானே!

2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் சாய்த்துப்போட்ட மாதிரி வயல் என்றால், மூக்கைத் தரையோடு இறக்கி, செடி சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

இதெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் பெரம்பலூர் பக்கம் இருக்கும் என் மாமா. அங்கே கதிரை ஆள் வைத்து ஒடித்து, மெஷினில் போட்டு அடிப்பார்கள். இப்போ ஆள் கிடைக்கலை, கம்பைன் வாடகைக்கு எடுக்கலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். வண்டிக்காரரிடம் இருப்பது 76 செ.மீ. ஹெடர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு ரகத்துக்குச் சொல்வது 60 × 25 செ.மீ. முதல் வாயை வரிசைக்கு நேராக வைத்தால், இரண்டாவது 16 செ.மீ. தள்ளி நிற்கும். மூன்றாவது கிட்டத்தட்ட இரண்டு வரிசைக்கு நடுவில்! கதிர் பாதி தரையில்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க: 60 × 25 என்றால் ஒரு செடிக்கு 1,500 சதுர செ.மீ. 76 × 20 என்றால் 1,520. செடி எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான், ஹெடரும் பொருந்தும். மாமாவிடம் சொன்னேன். "அப்போ பார் பிடிக்கிற கலப்பையையும் மாத்தணுமேடா" என்றார். ஆமா, மாத்தணும். இந்தப் போகத்துக்கு ஒரு ஏக்கர் மட்டும் 76-ல் போட்டுப் பார்க்கிறாராம். மீதியை எப்பவும் போல ஆள் வைத்து.