இயந்திரத்துக்குப் பணம் உண்டு, பயிற்சிக்கு இல்லையா?

'சரக்கைத் தெரியாமல் விலை பேசாதே' என்பது என் வாப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் வியாபாரப் பாடம். பள்ளிவாசல்துறைக் கரையில் கருவாடு வாங்கும்போது அவர் மூட்டையின் மேற்பக்கத்தைப் பார்க்க மாட்டார். கையை அடிவரை விட்டு ஒன்றை எடுத்து, முறித்து, மணந்து பார்த்த பிறகுதான் விலை பேசுவார். முப்பது வருடமாக நானும் அப்படித்தான் செய்து வருகிறேன். ஆனால் சென்ற வருடம் ஒரு சரக்கின் விஷயத்தில் அந்தப் பாடத்தை மறந்து போனேன். மற்ற வியாபாரச் சகோதரர்களுக்கும் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் இலத்திரனியல் சாமான் இறக்குமதி செய்யும் என் மருமகன் ஒருநாள் தொலைபேசியில் பேசினார். "மாமா, புதுச் சாமான் ஒன்று வந்திருக்கிறது. தலையில் பட்டி மாதிரி மாட்டுவது. பற்றரியில் வேலை செய்யும். மூளைக்குச் சின்னதாகக் கரண்ட் கொடுக்குமாம். மனச்சோர்வுக்கு நல்லதாம். ஐம்பது எடுத்தால் விலை நன்றாகக் குறையும்."

என் மனதில் உடனே மூன்று கணக்குகள் ஓடின. ஒன்று வியாபாரக் கணக்கு. இரண்டாவது, எங்கள் பகுதி வியாபாரிகள் சேர்ந்து வைத்தியசாலைக்கு ஏதாவது ஓர் இயந்திரம் அன்பளிப்புச் செய்வதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணம். மூன்றாவது கணக்கு காசு சம்பந்தப்பட்டதல்ல. என் தம்பி ஒரு காலத்தில் இரண்டு படகுகளை ஓட்டியவர். இரண்டு வருடமாக வீட்டின் உள்ளறையை விட்டு வெளியே வருவது குறைவு. மனச்சோர்வு நோய் என்று வைத்தியர் மாத்திரை கொடுத்து வருகிறார். மருமகன் சொன்னது எப்படியோ அவரின் காதுக்கும் போய்விட்டது. "நானா, அந்த மெஷினை எனக்கு எடுத்துத் தாங்களேன்" என்றார். அவர் என்னிடம் வாய் திறந்து ஒன்று கேட்டு எத்தனையோ மாதம்.

மாதிரிக்கு ஒரு பெட்டி வந்தது. தம்பியின் தலையில் வைக்கும் முன் என் தலையில் வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். இருந்த ஸ்பொஞ்சைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் கட்டினேன். எறும்பு ஊர்வது போல் இருந்தது. பிறகு எரிந்தது. கழற்றிப் பார்த்தால் நெற்றியில் ஒரு சல்லிக் காசளவு சிவந்த தழும்பு.

அடுத்த கிழமை தம்பியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது டொக்டர் முதலில் என் நெற்றியைத்தான் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஐந்து கேள்விகள் கேட்டார். "ஹாஜியார், நேர்முனையை எங்கே வைத்தீர்கள், எதிர்முனையை எங்கே வைத்தீர்கள்? எத்தனை மில்லியம்பியர்? எவ்வளவு நேரம்? அந்த இடத்தை எப்படி அளந்தீர்கள்? தம்பிக்கு எப்போதாவது வலிப்பு வந்ததா, தலையில் உலோகத் தகடு ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "குறை சாமானில் இல்லை, ஹாஜியார். அதைப் பிடித்த கைக்குப் பயிற்சி இல்லை" என்றார்.

இது என்ன சிகிச்சை?

அதன் பிறகுதான் நான் மூட்டையின் அடிவரை கையை விட்டேன். டொக்டரிடம் கேட்டும், அவர் தந்தவற்றை மகளை வைத்து வாசித்தும் அறிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

மூளைக்கு மின்சாரம் என்றதும் நம்மவர் பலருக்கு 'ஷொக்' வைத்தியம்தான் நினைவுக்கு வரும். 1938 இல் இத்தாலியின் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு வைத்தியர்கள் தொடக்கி வைத்தது அது. இன்று நோயாளியை மயக்கமுறச் செய்த பின், சுமார் 800 மில்லியம்பியர் அளவு மின்சாரத்தைச் சில விநாடிகள் செலுத்திச் செய்யப்படுகிறது. கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் நல்ல பலன் தருகிறது.

நான் நெற்றியில் கட்டிக்கொண்டது அதுவல்ல. அதன் பெயர் நேர்மின்னோட்ட மூளைத் தூண்டல். வைத்தியர்கள் டீ.டீ.சீ.எஸ். என்கிறார்கள். கத்தி வைப்பதில்லை, ஊசி போடுவதில்லை, மயக்க மருந்தும் இல்லை. உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பொஞ்சுகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லியம்பியர் வரையான மின்சாரத்தை 20 அல்லது 30 நிமிடம் செலுத்துவார்கள். நமது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவோட். அந்த மின்சாரத்தோடு பழகிய நமக்கு 2 மில்லியம்பியர் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் மூளையின் நரம்புக் கலங்கள் மிக நுண்ணிய மின்சாரத்தில் வேலை செய்பவை. இந்தச் சிறு மின்னோட்டம் அவற்றை வலிந்து இயக்குவதில்லை. இயங்குவதற்கான ஆயத்த நிலையைச் சற்றுக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பது ஸ்பொஞ் வைக்கும் இடத்தையும் முனைகளின் திசையையும் பொறுத்தது.

இந்த யோசனை புதிதல்ல. தொட்டால் கை விறைக்கும் திருக்கை ஒன்று உண்டு என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு அந்த மீனை உயிரோடு தலையில் வைக்கச் சொல்லி எழுதினார். அரபியரும் மின்சாரம் பாய்ச்சும் மீனுக்கு இடியைக் குறிக்கும் 'ரஅத்' என்ற சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள். ஆயினும் இன்றைய முறைக்கு அடித்தளம் போட்டது, 2000 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பாவுலஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுதான். மெல்லிய மின்னோட்டத்தால் மூளையின் இயக்க நிலையை மாற்றலாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் சிறிது நேரம் நிற்கும் என்று அவர்கள் அளந்து காட்டினார்கள்.

பக்கத்து நாட்டில் நடப்பது

இதற்கு அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகத் தேவையில்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிறுவனம் சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றையும் ஒரே வளவுக்குள் நடத்துவது. 2012 இல் பிரான்சின் லியோன் நகரில், காதில் இல்லாத குரல் கேட்கும் நோயாளிகள் 30 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மருந்துக்கு அடங்காத குரல்கள் அவை. நாளுக்கு இரண்டு தடவையாக ஐந்து நாள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குரல்களின் தொல்லை சுமார் 31 வீதம் குறைந்தது. நிம்ஹான்ஸில் டொக்டர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் குழுவினர் அதே முறையைத் தம் நோயாளிகளுக்குச் செய்து, 2013 முதல் தொடர்ந்து பெறுபேறுகளை வெளியிட்டு வருகிறார்கள்.

இதில் ஒரு வியாபாரி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயந்திரம் எங்கிருந்தும் வாங்கக்கூடியது. ஆனால் எந்த நோயாளிக்கு வைப்பது, எப்படி வைப்பது, வைத்த பின் எதைப் பதிவது என்று தெரிந்த ஆட்கள் அங்கே உருவாகியிருக்கிறார்கள். மூலதனம் அதுதான்.

மூன்று வகைக் கைகள்

யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதை 2021 இல் சர்வதேச மருத்துவ நரம்புடற்றொழிலியல் சம்மேளனத்தின் குழு ஒன்று பரிந்துரையாக எழுதி வைத்திருக்கிறது. அது மூன்று வகையினரைப் பிரித்துச் சொல்கிறது.

முதலாமவர் தொழில்நுட்பவியலாளர். தலையை நாடாவால் அளப்பவர் இவர்தான். மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை அளந்து புள்ளி வைக்க வேண்டும். ஸ்பொஞ் காய்ந்தால் தோல் எரியும், அதிகம் நனைந்தால் நீர் வழிந்து மின்சாரம் வேறிடத்துக்குப் போகும். மின்தடையைப் பார்த்து, மின்னோட்டத்தைச் சுமார் 30 விநாடிகளில் மெதுவாக ஏற்றி, முடிவில் மெதுவாக இறக்க வேண்டும். என் நெற்றித் தழும்புக்குக் காரணம் இந்தப் பாடத்தில் அடங்கியிருந்தது.

இரண்டாமவர் வைத்தியர். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று தீர்மானிப்பவர். வலிப்பு வந்தவரா, தலைக்குள் உலோகம் உள்ளவரா, இதயத்துக்குக் கருவி பொருத்தியவரா, தோலில் காயம் உண்டா, என்ன மாத்திரை எடுக்கிறார் என்றெல்லாம் விசாரிப்பது இவர் வேலை. மனச்சோர்வு சிலருக்கு அளவு கடந்த உற்சாகமாக மாறிவிடவும் கூடும். அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவரும் இவரே.

மூன்றாமவர் ஆராய்ச்சியாளர். பலன் மின்சாரத்தால் வந்ததா, நம்பிக்கையால் வந்ததா என்று பிரித்தறிவது இவரின் தொழில். அதற்காகச் சிலருக்கு மின்சாரத்தைத் தொடக்கத்தில் மட்டும் கொடுத்து, அவருக்குத் தெரியாமல் நிறுத்தி விடுவார்கள். எறும்பு ஊரும் உணர்வு இருவருக்கும் வரும், ஆனால் சிகிச்சை ஒருவருக்குத்தான். பிறகு இரு தரப்பையும் ஒப்பிடுவார்கள்.

இந்த ஒப்பீடு ஏன் முக்கியம் என்றால், முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. 2017 இல் பிரேசிலில் 245 பேரை வைத்துச் செய்த ஆய்வில், போலிச் சிகிச்சையைவிட இது மேலாக இருந்தது. ஆனால் வழமையான மாத்திரைக்குச் சமம் என்று நிறுவ முடியவில்லை. 2023 இல் ஜெர்மனியில் மாத்திரை எடுத்துவரும் 160 பேருக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் இல்லை. 2024 இல் 174 பேருக்கு, கண்காணிப்பின் கீழ் வீட்டிலேயே கொடுத்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அப்படியானால், 'மனச்சோர்வு தீரும்' என்று பெட்டியில் அச்சடித்து விற்பது நேர்மையான வியாபாரமா?

ஆபத்து எவ்வளவு என்றும் கேட்டேன். 2016 இல் வெளியான ஒரு தொகுப்பில், 33,200 க்கும் மேற்பட்ட அமர்வுகளில் பாரதூரமான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அவை விதிமுறைப்படி, குறித்த அளவுக்குள் நடந்தவை. அதே 2016 இல், மூளைத் தூண்டல் துறை ஆராய்ச்சியாளர்கள் சிலர் வீட்டில் தாமாகவே செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி எச்சரித்தார்கள். சிறு மாற்றம் செய்தாலும் விளைவு எதிர்பாராததாக இருக்கலாம், ஓர் ஆற்றல் கூடும்போது இன்னொன்று குறையலாம் என்பது அவர்களின் வாதம்.

நம் ஊருக்கு வேண்டாமா?

வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நம் மாவட்டத்துக்கு வந்த சகோதரர்களிடையே நடத்தி, 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. 450 பேரில் 18.8 வீதமானோருக்குப் பொதுவான மனநோய்களில் ஏதாவது ஒன்று இருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். சொந்த ஊர்க்காரர்களின் வீடுகளிலும் என் தம்பியைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். வெளியே சொல்லாததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு வைத்தியசாலைக்கு ஓர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். பெயர்ப்பலகை வைத்தோம், படம் எடுத்தோம். அதை இயக்கத் தெரிந்தவர் இடமாற்றம் பெற்றுப் போனார். இயந்திரம் இன்றும் உறை போட்டபடி இருக்கிறது. ஸதகாப் பணம் தூசி பிடித்துக் கிடப்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் இம்முறை கடையில் கூடிப் பேசினோம். மருமகனுக்கு ஐம்பது பெட்டியும் வேண்டாம் என்று சொன்னேன். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் மருத்துவ உபகரணங்களும் வருகின்றன. பதிவும் அனுமதிப்பத்திரமும் இன்றி இறக்குமதி செய்து விற்பது சட்டப்படி பிழை என்பதையும் எடுத்துச் சொன்னேன். இலாபம் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம்தான்.

சேர்த்த பணத்தைத் தொடவில்லை. அரச அனுமதியோடு ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் பயிற்சிக்குப் போவதானால் அவர்களின் பயணம், தங்குமிடம், கட்டணம் ஆகியவற்றுக்கு அதைக் கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. இயந்திரம் அதற்குப் பிறகுதான். இன்னும் யாரும் போகவில்லை. டொக்டர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

எந்த வைத்தியசாலைக்கும் எந்த இயந்திரத்தையும் அன்பளிப்புச் செய்ய நினைக்கும் வியாபாரிகள், காசோலை எழுதும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இதை இயக்கப் பயிற்சி பெற்றவர் இப்போது அங்கே இருக்கிறாரா?
2. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவரைப் பழக்குவது யார்?
3. ஸ்பொஞ், பட்டி போன்ற தேய்ந்து போகும் சாமான்களுக்கு வருடா வருடம் பணம் எங்கிருந்து வரும்?
4. பலன் தந்ததா இல்லையா என்று எழுதி வைப்பது யார்?

நான்குக்கும் பதில் கிடைத்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் முதலில் ஓர் ஆளைப் படிக்க வையுங்கள். பெயர்ப்பலகை வைக்க இடம் கிடைக்காது. பரவாயில்லை.

என் தம்பி மாத்திரையைத் தொடர்கிறார். சில நாட்களில் அஸருக்குப் பிறகு கடைக்கு வந்து கணக்குப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறார். போன கிழமை கேட்டார்: "நானா, அந்த மெஷின் எப்போது வரும்?"

"படித்த ஆள் வந்த பிறகு வரும், தம்பி, இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அன்றைய கருவாட்டுக் கணக்கைக் கூட்டத் தொடங்கினார்.