ஊசி ஒரு ஊரில், ஸ்டென்ட் இன்னோர் ஊரில்

இதயத் தமனி அடைத்துக்கொண்டால் தசை மொத்தமும் ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. சாவு உள்சுவரில் தொடங்கி, வெளிச்சுவரை நோக்கி நிதானமாக நகர்கிறது. 1977-இல் ரைமர், ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயத் தமனியைக் கட்டிவைத்து, வெவ்வேறு நேரங்களில் அவிழ்த்துப் பார்த்தார்கள். 40 நிமிடத்தில் அவிழ்த்தபோது, அந்தத் தமனியை நம்பியிருந்த தசையில் 38 விழுக்காடு செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71. முதல் 40 நிமிடத்தில் போகும் அளவு, அடுத்த ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியும் போகவில்லை. மாரடைப்பு வைத்தியத்தில் ‘சீக்கிரம்’ என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் இந்தக் கணக்கிலிருந்து வருவது.

இந்தக் கணக்கைக் குன்றத்தூரில் வைத்துப் பார்ப்போம். சேக்கிழார் பிறந்த ஊர். இன்று அதன் ஒரு பக்கம் போரூர். மறு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள். நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பிய ஒருவருக்கு விடியற்காலையில் நெஞ்சை அழுத்துகிறது. இடது கை கனக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. “கேஸா இருக்கும், சோடா குடி” என்கிறார் பக்கத்துப் படுக்கைக்காரர். சோடாவில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. அதன் பிறகுதான் தெருமுனை நர்சிங் ஹோம். அங்கே இருப்பவர்கள் ஒரு டியூட்டி டாக்டர், ஒரு நர்ஸ். இதய நிபுணர் கிடையாது, ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் கிடையாது. ஆனால் ஈசிஜி மெஷின் உண்டு.

அது போதுமா? முதல் பாதிக்குப் போதும். மார்பில் ஆறு, கைகால்களில் நான்கு என்று பத்து இணைப்புகள். அவற்றைக் கொண்டு இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கலாம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு கூர்முனையும், அதையடுத்து ஒரு சமதளமும் வரும். அந்தச் சமதளம் அடுத்தடுத்த கோணங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தால், பெரும்பாலும் ஒரு தமனி முழுதாக அடைத்திருக்கிறது என்று பொருள். ஓர் ஆளின் உயிர் பற்றிய முடிவு, கட்டம் போட்ட தாளில் ஒரு சிறு கட்டத்தின் உயரத்தில் நிற்கிறது. அந்தத் தாளைப் போனில் படமெடுத்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இதய நிபுணருக்கு அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது ஊசி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துகளில் பழையது ஸ்ட்ரெப்டோகைனேஸ். இதைத் தந்தது தொண்டைப்புண் கிருமி! ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் மனித ரத்தக் கட்டியைக் கரைத்துவிடுவதை 1933-இல் வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டார். கிருமியைச் சுற்றி உடல் கட்டும் தடுப்புச் சுவரை உடைத்துப் பரவ, அந்தக் கிருமி வைத்திருக்கும் ஆயுதம் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புரதம் தானாக எதையும் வெட்டுவதில்லை. நம் ரத்தத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற பொருளைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த அதுதான் கட்டியின் நார்களை அறுக்கிறது.

இந்த ஊசி உயிர் காக்கிறது என்று பெரிய அளவில் நிரூபித்தது ஏதோ ஒரு தனி ஆய்வுக்கூடம் அல்ல. இத்தாலியில் 176 மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகள் சேர்ந்து, 11,806 நோயாளிகளை வைத்து அந்த வேலையைச் செய்தன. 1986-இல் முடிவு வெளியானது: 21 நாளுக்குள் இறந்தோர் பழைய வைத்தியத்தில் 13 விழுக்காடு, ஊசி பெற்றோரில் 10.7. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தனியாக எந்த மருத்துவமனையும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒன்றில் மட்டும் பார்த்திருந்தால் 13-க்கும் 10.7-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயல் என்றே தோன்றியிருக்கும்.

ஊசி எல்லாவற்றையும் முடித்துவிடாது. கட்டி கரைந்தாலும், அது உருவாகக் காரணமான கொழுப்புப் படிவு தமனிச் சுவரில் அப்படியே இருக்கும். எனவே ஊசி போட்ட இரண்டு, மூன்று மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் நோயாளியைக் கேத் லேப் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பது இன்றைய முறை. உடனே ஏன் கூடாது? ஊசியின் வீரியம் அடங்காத நேரத்தில் ரத்தக்கசிவு அபாயம் அதிகம். ஆனால் ஊசி போட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்து எடுக்கும் ஈசிஜியில், மேலே தூக்கியிருந்த அந்தச் சமதளம் பாதிக்குப் பாதியாவது இறங்காவிட்டால் ஊசி பலிக்கவில்லை என்று அர்த்தம்; அப்போது காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. கோவையின் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி உள்ளிட்ட இதய மருத்துவர்கள் 2012 முதல் மாநிலத்தில் நான்கு கொத்துகளை அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனை. சுற்றிலும் சிறிய மருத்துவமனைகள். இவற்றை ஈசிஜி அனுப்பும் கருவியும் ஆம்புலன்சும் முதலமைச்சர் காப்பீடும் இணைத்தன. 2,420 நோயாளிகளின் விவரம் 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. இணைப்புக்கு முன்பும் பின்பும் ஒப்பிட்டார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது, எதிர்பார்த்த இடத்தில் மாற்றம் இல்லாததுதான். அடைப்பைத் திறக்கும் சிகிச்சை முன்பே 88.5 விழுக்காட்டினருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது, பின்பு 90.1. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 5.8-லிருந்து 5.6 ஆனார்கள், அதுவும் கணக்கில் சேராத மாற்றம். மாறியது அடுத்த கட்டம். ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 விழுக்காட்டிலிருந்து 60.8 ஆக உயர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். சின்ன ஆஸ்பத்திரிக்கு ஊசி போடத் தெரியாது என்ற பேச்சு இங்கே பொய்யாகிறது. முன்பெல்லாம் ஊசிக்குப் பிறகு பலர் ஆஞ்சியோ பார்க்காமலேயே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சிக்கல் அங்கே இருந்திருக்கிறது. முன்–பின் ஒப்பீடு என்பதால் எல்லாப் பெருமையையும் இணைப்புக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் சராசரி வயது 55-ஐத் தொடாத ஒரு கூட்டத்தில் இது சின்ன விஷயமல்ல.

குன்றத்தூருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஈசிஜியில் அடைப்பு தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் நேரடியாக ஸ்டென்ட் வைக்க முடியுமானால், ஊசியைவிட அதுவே மேல் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. அதிகாலையில் போரூர் பக்கம் எட்டிவிடும் தூரம்தான். அதே ஆள் ஒரகடத்தில் இருந்தால், சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தால், போய்ச் சேர்ந்த இடத்தில் கேத் லேப் குழுவை வீட்டிலிருந்து எழுப்பி வரவழைக்க வேண்டியிருந்தால், 120 நிமிடம் எளிதாகக் கரைந்துவிடும். ‘சென்னை பக்கத்தில்தானே’ என்ற நம்பிக்கை இந்த ஊர்களில் கொஞ்சம் ஆபத்தானது. எந்தக் கேத் லேப் இப்போது தயாராக இருக்கிறது என்பது டியூட்டி டாக்டருக்குத் தெரிந்தால்தான் ஊசியா, ஆம்புலன்சா என்று முடிவெடுக்க முடியும்.

ஊசி போட டியூட்டி டாக்டர் பயப்படுவதும் நியாயமானதே. இந்த ஊசியால் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். நோயாளி ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. கையெழுத்துப் போட உறவினர் யாரும் இல்லை. தனியாக நிற்கும் டாக்டர் “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க” என்று சொல்வது தற்காப்பு. மறுமுனையில் ஒரு நிபுணர் ஈசிஜியைப் பார்த்து “போடுங்க, நான் இருக்கேன்” என்று சொன்னால் அந்தக் கை நடுங்காது. நோயாளியை அனுப்பினால் திரும்ப வரவே மாட்டார் என்ற வருமானக் கவலையும் நர்சிங் ஹோம்களுக்கு உண்டு. ஸ்டென்ட் வைத்த பிறகு தொடர் சிகிச்சை அந்தச் சின்ன மருத்துவமனைக்கே திரும்ப வேண்டும் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் முதல் கட்டத்தை இன்னும் கீழே, துணை சுகாதார நிலையம் வரை இறக்கியிருக்கிறது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இவை கட்டியைக் கரைக்காது, பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளும்.

ஸ்ட்ரெப்டோகைனேஸில் கடைசியாக ஒரு சங்கதி. அது கிருமியின் புரதம் என்பதால் உடல் அதற்கு எதிர்ப்புப் புரதம் தயாரித்து வைத்துக்கொள்கிறது, அதுவும் ஆண்டுக்கணக்கில். அதே ஆளுக்கு இரண்டாவது முறை அடைப்பு வந்து, இன்னோர் ஊரில் அதே ஊசியைப் போட்டால் பலன் குறையலாம், ஒவ்வாமையும் வரலாம். அவருக்கு டெனெக்டிபிளேஸ் போன்ற வேறு மருந்து வேண்டும். முதலில் எந்த ஊசி, எந்தத் தேதியில் என்பது ஸ்ரீபெரும்புதூரில் எழுதப்பட்டிருந்தால் அது குன்றத்தூரிலும் தெரிய வேண்டும். இப்போதைக்கு அந்தத் தகவல், நோயாளியின் வீட்டுப் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகும்போது அதை யாரும் கையோடு எடுத்துப் போவதில்லை.