செய்தித்தாள் சொல்லாத 21 மாதங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு எக்ஸ்பிரஸ் கார்டன்ஸ் தெரிந்த இடம். தினமணியும் தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸும் இன்று அங்கிருந்துதான் இயங்குகின்றன. 1975இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் சென்னை மவுன்ட் ரோட்டில், ராம்நாத் கோயங்காவின் கையில் இருந்தது. 1964இல் தொடங்கிய தொழிற்பேட்டையிலோ லேத்துகளும் பிரஸ்களும் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. குறைந்தபட்ச போனஸை மட்டுமே நம்பி, தீபாவளிக்குத் துணி எடுக்கக் காத்திருந்த தொழிலாளிக்குப் பாதிப் பணம் போயிற்று. இது அநியாயம் என்று எழுத நினைத்த ஆசிரியர், அச்சுக்குப் போகும் முன் தணிக்கை அதிகாரியின் ஒப்புதலை வாங்கியாக வேண்டும். பத்திரிகைச் சுதந்திரம் பத்திரிகைக்காரர்களின் சொந்தக் கவலை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் போனஸ் கணக்கைத்தான்.

டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில், நெருக்கடி நிலை அறிவிப்பு வந்த இரவே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனத்தின் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார், விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் கைதானார். அந்த நிறுவனத்துக்கு வந்த அரசு விளம்பரங்கள் நின்றன. அதன் நிர்வாகக் குழுவுக்குள் அரசுக்கு வேண்டியவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பிரஸ் கவுன்சில் கலைக்கப்பட்டது. நான்கு செய்தி நிறுவனங்களைச் சேர்த்து ‘சமாச்சார்’ என்று ஒன்றே ஒன்றாக்கினார்கள். நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிட, 1956இல் பெரோஸ் காந்தி முயன்று கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டமும் ரத்தானது. கணவர் போராடிப் பெற்ற சட்டத்தை மனைவி இந்திரா காந்தியின் அரசே எடுத்துப்போட்டது என்பதை இன்று படித்தாலும் மனம் கசக்கிறது.

தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை எதிர்த்து நின்றதால் சில மாதங்கள் ஓரளவு மூச்சுவிட முடிந்தது. 1976 ஜனவரி 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. அன்றிரவு முதலே வீடு வீடாகப் போய்க் கைது செய்தார்கள். யார் யாரைப் பிடித்தார்கள் என்று எந்தத் தாளும் எழுத முடியாது. மகன் எந்தச் சிறையில் இருக்கிறான், இருக்கிறானா இல்லையா என்பதைக்கூடப் பெற்றவர்கள் அறிய வழியில்லை.

மூன்றாம் நாள், பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவு நாள். தி.மு.க. நாளேடான முரசொலியில் அன்று கருணாநிதி ஒரு பட்டியல் வெளியிட்டார். அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று சொல்லி, ஊர்வாரியாகப் பெயர்கள். தணிக்கை செய்தவர் கண்ணில் அது ஓர் அஞ்சலிக் குறிப்பு. படித்தவர்களுக்கோ கைதானவர்கள் யார் யார் என்று புரிந்துவிட்டது. தமிழ் இதழியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பக்கங்களில் அது ஒன்று. அரசியலில் கருணாநிதியோடு உடன்படாதவர்களும் அந்தத் துணிவை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெயரைச் சொல்ல முடிந்ததே தவிர, அந்தப் பெயருக்குரியவர்களுக்குச் சிறைக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல முடியவில்லை. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சிட்டிபாபு, சென்னையின் முன்னாள் மேயர், செங்கல்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினர். அம்பத்தூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. சிறையில் பட்ட அடிகளால் உடல் நலிந்து 1977 ஜனவரியில் அவர் இறந்தார். ஒரு மக்களவை உறுப்பினரைச் சிறைக்குள் அடித்த செய்தி, அவருக்கு வாக்களித்தவர்களுக்கு மறுநாள் காலைச் செய்தித்தாளில் கிடைக்கவில்லை. ஆட்சி மாறி, நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அடித்தவர்களுக்கு அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? நாளைக்கு எவனும் எழுத மாட்டான் என்ற நிச்சயத்திலிருந்துதான்.

நாடெங்கும் 253 பத்திரிகையாளர்கள் கைதானதாகப் பின்னாளில் அரசே கணக்குச் சொன்னது. பயந்து பேனாவை மூடியவர்களுக்குக் கணக்கில்லை.

நெருக்கடி நிலை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. 1987 ஏப்ரலில், எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாள்களிலேயே விடுவித்தார்கள். அவர் விடவில்லை, உயர் நீதிமன்றம் சென்று, 1994இல் ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக அதே விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லித்தான் உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்க வைத்தது. ஒரு படத்துக்காக முழுத் தளத்தையும் முடக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் அந்த ஆண்டு 180 நாடுகளில் இந்தியாவுக்கு 151ஆம் இடம்.

நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை, 1980இல் இந்திரா காந்தி ஆட்சிக்குத் திரும்பிய பின் கிடைக்காமல் போனது. அதைத் தன்னிடம் காப்பாற்றி வைத்திருந்தவர் ஒரு தமிழர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இரா.செழியன். 2010இல் அதைத் தொகுத்து மீண்டும் பதிப்பித்தார். பத்திரிகைகளை எப்படி மடக்கினார்கள் என்ற பகுதியை அதில் தேடிப் படியுங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.