கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடும் வீட்டுவழி நடத்தைச் சிகிச்சையும்

வீட்டுவழி நடத்தைச் சிகிச்சை என்பது, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏடிஎச்டி) உள்ள குழந்தையின் பெற்றோருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் வழியாகக் குழந்தையின் அன்றாட நடத்தையைச் சீர்படுத்தும் முறையாகும். இதில் பயிற்சி பெறுபவர் முதன்மையாகப் பெற்றோரே.

இக்குறைபாடு மந்தபுத்தி அன்று, சோம்பலும் அன்று. செயலைத் திட்டமிடுதல், உந்துதலை அடக்குதல், சொன்னதைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்தி அதன்படி செய்தல் (செயல்நினைவு) ஆகிய சிந்தனைத் திறன்கள் இக்குழந்தைகள் பலரிடம் வயதுக்கேற்ப வளர்ந்திருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி 1997இல் வெளியிட்ட கோட்பாட்டில், உந்துதலை அடக்க இயலாமையே இதன் மையம் என்றார். 2007இல் வெளியான மூளைப்படிம ஆய்வொன்றில், இக்குழந்தைகளின் மூளைப் புறணி முதிர்ச்சி அடைவது சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டுகள் தாமதமாவது தெரியவந்தது. ஆகவே, "பத்து முறை சொல்லியும் கேட்கவில்லை" என்று அடிப்பதில் பயனில்லை. பதினோராவது முறையும் அதே கதைதான்.

"பல் தேய்த்து, குளித்து, பையை எடுத்து வை" என்று ஒரே மூச்சில் சொன்னால் குழந்தை முதல் வேலையிலேயே நின்றுவிடக்கூடும். பயிற்சி பெற்ற பெற்றோர் அருகில் சென்று, முகம் பார்த்து, ஒரு வேலையை மட்டும் சொல்வர். அது முடிந்ததும் அடுத்தது. காலை வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவர். நினைவில் நிற்காதது கண்ணெதிரே நிற்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நட்சத்திரம், சில நட்சத்திரங்களுக்கு ஒரு சிறு பரிசு. பரிசு உடனே கிடைக்க வேண்டும். ஆண்டுத் தேர்வுக்குப் பின் சைக்கிள் என்ற வாக்குறுதி இக்குழந்தைக்கு எட்டாத தொலைவு. சிறு குறும்புகளைக் கண்டும் காணாமல் விடுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. தாய் ஒன்று சொல்லித் தாத்தா வேறொன்று சொன்னால் எல்லாம் குலைந்துவிடும்.

இதனால் சிந்தனைத் திறன் வளர்கிறதா என்பதற்கு நேரான விடை இல்லை. அட்டவணையும் கடிகாரமும் குழந்தைக்கு ஊன்றுகோலாகின்றன. ஊன்றுகோலால் நடை எளிதாகும், காலே வலுவடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1999இல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆய்வில் 579 குழந்தைகள் 14 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். முதன்மை அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாகக் கண்காணித்துத் தரப்பட்ட மருந்து, நடத்தைச் சிகிச்சையை விடச் சிறந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. நடத்தைச் சிகிச்சையின் தெளிவான பலன் வேறிடத்தில் உள்ளது: முரண்டு குறைகிறது, வீட்டில் கூச்சல் தணிகிறது, பெற்றோருக்குத் தன்னம்பிக்கை கூடுகிறது.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. 6 வயதுக்கு மேல் மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் சேர வேண்டும் என்கிறது. பள்ளி வயதில் ஆசிரியரும் இதில் சேர்கிறார். இரண்டு மூன்று இலக்குகள் மட்டும் எழுதிய தினசரி அட்டையில் அவர் குறியிட்டு அனுப்ப, அதைப் பார்த்து வீட்டில் அன்று மாலையே பரிசு தரப்படுகிறது.