அறுபது நிமிடக் கேசட்டில் ஒட்டிக்கொண்ட காலம்

எண்பதுகளில் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூடப் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. பிடித்த பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். அப்படி ஒரு கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர், அதிலுள்ள பாட்டொன்றை இன்று வானொலியில் கேட்டால் என்ன நடக்கிறது? பாட்டு முடிந்த நொடியில், கேசட்டில் அதற்கு அடுத்து இருந்த பாட்டின் தொடக்க இசை அவர் மனத்துக்குள் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த இரண்டு பாட்டுக்கும் படத்திலோ ராகத்திலோ பாடகரிலோ உறவு இருக்க வேண்டியதில்லை. என்றோ ஒருவர் தாளில் எழுதிய வரிசைதான் உறவு. 2009இல் வெளியான மூளை ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது: நன்கு பழகிய இசைத்தட்டில் இரு பாட்டுகளுக்கு நடுவே வரும் மௌனத்திலேயே, அடுத்ததை எதிர்பார்த்து மூளை இயங்குகிறது. பாட்டோடு நினைவு ஒட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஒட்டுவது பதிவோடு என்பேன்.

கச்சேரியில் ஒரே வித்வான் ஒரே கீர்த்தனையை இரண்டு நாள் ஒரே மாதிரிப் பாடுவதில்லை. நிரவலும் கற்பனாஸ்வரமும் அன்றன்று பிறப்பவை. அதுதான் கச்சேரியின் பெருமை. பதிவோ மூச்சு விடும் இடம்வரை மாறாதது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது. அதே சுலோகங்களை வேறொருவர் பிசிறில்லாமல் பாடினாலும், எம்.எஸ். குரலில் கேட்டே விடிந்த வீடுகளில் "இது அது இல்லையே" என்பார்கள். குறை பாடியவரிடம் இல்லை. பழைய காலையைத் திறக்கும் சாவி, அந்த ஒரு பதிவின் பல் வரிசைக்கு வெட்டப்பட்டது.

"அந்தக் காலப் பாட்டு தரமானது, அதனால் நிற்கிறது" என்று உடனே மறுப்பார்கள். ஆனால் எந்தக் காலம்? பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலில் வளர்ந்தவர் அறுபதுகளைக் காட்டுவார். அவர் பிள்ளை இளையராஜாவையும், பேரன் ஏ.ஆர். ரகுமானையும் காட்டுவார்கள். ஆளாளுக்குத் தன் இளமையைத்தான் பொற்காலம் என்கிறார்கள். நடுவயதைத் தாண்டியவர்களின் நினைவில் ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயதுவரையான காலம் மிகையாக இடம்பிடிப்பதை உளவியலாளர் நெடுநாளாகக் கண்டிருக்கிறார்கள். மேலும், ஓடாத படத்தின் சுமாரான பாட்டும் தூர்தர்ஷன் விளம்பரப் பாட்டும்கூட ஒரு கோடை விடுமுறையை முழுசாகத் தூக்கிவந்து வைக்கின்றன. இதில் தரத்துக்கு என்ன வேலை?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. திரும்பத் திரும்பக் கேட்பதுதான் காரணம் என்றால், அன்றாடம் ஒலிக்கும் சுப்ரபாதம் ஆயிரம் நாள்களை நினைவூட்ட வேண்டுமே? அது பொதுவாக விடியற்காலையை நினைவூட்டுகிறதே தவிர, குறிப்பிட்ட ஒரு நாளை அல்ல. உண்மைதான். ஒரே ஒலியோடு பல காலங்கள் சேர்ந்துவிட்டால் எதுவும் தனித்துத் தெரியாது. ஒரு பருவத்தில் ஓயாமல் கேட்டு, பிறகு பல ஆண்டு காதில் விழாமல் போன பதிவுதான் அந்தப் பருவத்தைக் கலப்படமில்லாமல் வைத்திருக்கிறது. முன்பு இந்த இடைவெளி தானாக அமைந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பின் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியது. நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் போனார்கள். 1957இல் அகில இந்திய வானொலியிலேயே திரைப்பாட்டுக்கு இடம் தரும் விவித பாரதி வந்த பிறகும் எந்தப் பாட்டு எப்போது வரும் என்பது நேயர் கையில் இல்லை. இன்று நினைத்த நொடியில் கைபேசி பாடுகிறது. வாராவாரம் கேட்கும் பழைய பாட்டின் மேல், போக்குவரத்து நெரிசலும் உடற்பயிற்சிக் கூடமும் படிந்துகொண்டே போகின்றன. கைபேசியைப் பழிப்பதற்கில்லை, தொலைந்ததென்று கைவிட்ட பாட்டை மீட்டுத் தருவதும் அதுதான்.

ஆனால் கேசட்டின் வரிசையையும், இரண்டு பாட்டுக்கு நடுவே தவறிப் பதிந்த வீட்டுப் பேச்சையும் எந்தச் செயலியும் தராது. நம் ஊர் ஈரக்காற்றில் காந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். பரணில் கேசட் இருந்தால் பாட்டுப் பாட்டாக வெட்டாமல், இரு பக்கத்தையும் அப்படியே கணினிக்கு மாற்றிவையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் கையெழுத்துப் பட்டியலையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.