காய்ச்சல் விட்டது, கிருமி விடவில்லை

சனிக்கிழமை சாயங்காலம் சமூக மன்றத்தில் அண்ணன் மகளுக்கு முதல் பிறந்தநாள். வீட்டில் ஒன்றரை வயதுப் பையனுக்கு நேற்றுவரை காய்ச்சல். இன்று உடம்பு குளிர்ந்திருக்கிறது, விளையாடவும் செய்கிறான். எச்சில்தான் கொஞ்சம் அதிகமாக ஒழுகுகிறது, உள்ளங்கையில் இரண்டு சிவப்புப் புள்ளி. "பல்லு முளைக்குது, அதான். போகலைன்னா உங்க அண்ணி ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவா" என்கிறார் பாட்டி. சிங்கப்பூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த இரண்டு புள்ளியே போதும், வயிற்றைக் கலக்கிவிடும். கை, கால், வாய்ப்புண் நோய்!

இந்த ஊருக்கு அந்தப் பயம் சும்மா வரவில்லை. 2000ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மட்டும் 3,790 பேருக்கு இந்நோய் கண்டது. பெரும்பாலோர் நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். சில பிள்ளைகள் இறந்தும் போனார்கள். அக்டோபர் தொடக்கத்தில் நாடு முழுக்கப் பாலர் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 26. நோய் அடங்கியதும் அந்த மாதக் கடைசியில்தான். காரணமான கிருமி எண்டெரோவைரஸ் 71, அதாவது குடலில் குடியேறும் நச்சுயிரிகளில் ஒன்று. 1997இல் சரவாக்கையும் 1998இல் தைவானையும் உலுக்கியதும் இதுவே. 2022இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பானதே, அதன் பின்னாலும் இதே குடும்பத்து காக்ஸாக்கி வைரஸ் இருந்தது தெரியவந்தது.

கிருமியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதன் குறுக்களவு ஏறக்குறைய 30 நானோமீட்டர். வாசலில் வைக்கும் கோலப்புள்ளி மூன்று மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், அதன் குறுக்கே ஒரு லட்சம் கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம். இத்தனை சிறிய உருண்டைக்குள் ஒரு கட்டடக்கலையே இருக்கிறது. நான்கே வகைப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதி. இவற்றைப் பிசிறில்லாமல் பொருத்தினால் இருபது முகம் கொண்ட ஓடு தயார்.

ஓட்டுக்கு மேலே என்ன இல்லை என்பதுதான் பிறந்தநாள் வீட்டுக்கு முக்கியம். கொரோனா கிருமிக்கும் ஃபுளூ கிருமிக்கும் கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு. கைச் சுத்திகரிப்பானில் உள்ள ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும், கிருமி செத்துப்போகும். இதற்கு அந்த மேலுறையே கிடையாது. வாசலில் வைத்த சுத்திகரிப்பான் போத்தலுக்கு இது அவ்வளவாக அஞ்சுவதில்லை. வயிற்று அமிலத்தையும் தாண்டிக் குடலுக்குப் போகும். பிள்ளைகள் மாறி மாறி வாயில் வைக்கும் பொம்மையில் காத்திருக்கும். சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவுவதுதான் நம்பகமான வழி. அங்கே கிருமி சாக வேண்டிய அவசியமில்லை. கையை விட்டுப் போனால் போதும்.

இவ்வளவு கெட்டியான ஓடு உடம்புக்குள் போனதும் எப்படித் திறக்கிறது? ஓட்டில் ஒரு பள்ளம், அதன் அடியில் ஒரு பொந்து, பொந்துக்குள் ஒரு சிறு கொழுப்பு மூலக்கூறு ஆப்பு மாதிரி செருகியிருக்கிறது. நம் செல்லில் ஸ்கார்ப்-2 என்றொரு புரதம் உண்டு. அதுதான் இக்கிருமிக்கு வாசல் என்பதை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கிருமி அதைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் போய், அங்குள்ள அமிலப் பைகளை அடைகிறது. ஆப்பு கழல்கிறது, ஓடு தளர்கிறது, உள்ளே சுருண்டிருக்கும் ஆர்என்ஏ இழை வெளியேறுகிறது. வெளியே பூட்டு, உள்ளே போனால் சாவி!

அந்த இழையில் சுமார் 7,400 எழுத்துகள்தான். மனித மரபணுத் தொகுதியில் 300 கோடி. எழுத்து குறைவு என்பதால் கிருமி சிக்கனம் பிடிக்கிறது: எல்லாப் புரதங்களையும் ஒரே நீளச் சங்கிலியாகச் செய்யவைக்கிறது. அந்தச் சங்கிலிக்குள்ளேயே கத்தரிகளும் இருக்கின்றன. அவை சங்கிலியைத் தாமே துண்டு போட்டுத் தனித்தனிப் புரதங்களாக்குகின்றன. அதோடு விடுவதில்லை. நம் செல் தனக்கான புரதங்களைச் செய்யத் தேவைப்படும் ஒரு பாகத்தையும் அதே கத்தரி வெட்டிவிடுகிறது. அதன்பின் தொழிற்சாலை கிருமிக்கு மட்டும் வேலை செய்யும்.

இனி நம் பையனின் குளிர்ந்த உடம்புக்கு வருவோம். காய்ச்சலை உண்டாக்குவது கிருமி அல்ல, நம் மூளை. கிருமியைக் கண்ட எதிர்ப்பணுக்கள் தகவல் அனுப்ப, மூளையின் அடிப்பகுதியில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் அளவை உயர்த்துகிறது. பாராசிட்டமால் அந்தத் தகவலைத்தான் அடக்குகிறது, கிருமியை அது தொடுவதே இல்லை. மருந்தின் வேலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம். ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கச்சிதமான நேரம், அதுதான் வம்பே. காய்ச்சல் தானாகவே விட்டிருந்தாலும் கிருமி விட்டதாகக் கணக்கில்லை. தொண்டையிலும் எச்சிலிலும் ஒன்றிரண்டு வாரம், மலத்தில் பல வாரம் அது வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் இரண்டு மாதம் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா? இங்குள்ள பாலர் பள்ளி வாசலில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. காலையில் பிள்ளை வந்ததும் ஆசிரியை உடல் வெப்பம் பார்ப்பார், இரு கைகளையும் விரிக்கச் சொல்வார், "ஆ" காட்டு என்பார். தேடுவது கொப்புளத்தை. கொப்புளம் ஈரமாக இருக்கும் முதல் வாரம்தான் மிக அதிகமாகப் பரவும் காலம். அது காய்ந்து, மருத்துவ விடுப்பும் முடிந்தால் உள்ளே வரலாம். மிச்சத்தைக் கழிவறையில் கைகழுவும் பழக்கம் பார்த்துக்கொள்ளும். அறிவியலும் வேலைக்குப் போகும் பெற்றோரும் செய்துகொண்ட இந்தச் சமரசம், என் பார்வையில், நியாயமானதே.

விருந்தில் யார் யார் இருப்பார்கள் என்பதும் ஒரு கேள்வி. பெரியவர்கள் பலர் சிறுவயதிலேயே இக்கிருமிகளைச் சந்தித்திருப்பார்கள். கைக்குழந்தைக்குத் தாய் ஒரு சீதனம் தருகிறாள்: கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி அவளுடைய எதிர்ப்புரதங்களை அள்ளி அள்ளிக் குழந்தைக்கு ஏற்றுகிறது. முழு மாதம் நிரம்பிப் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் சில வகை எதிர்ப்புரதங்கள் தாயைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் தாய் சந்திக்காத கிருமிக்குச் சீதனம் இல்லை, இருப்பதும் சில மாதங்களில் கரைந்துவிடும். பச்சைக் குழந்தைக்கு எண்டெரோவைரஸ் வந்தால் ஆபத்து பெரிது. ஆகவே இந்தச் சனிக்கிழமை போகக் கூடாது. அண்ணியிடம் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிடுவதே மேல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் வந்தாலோ, எந்தப் பிள்ளையாவது ஓயாமல் வாந்தியெடுத்து, எழுப்ப எழுப்பச் சோர்ந்து, தூக்கத்தில் திடுக் திடுக்கென்று துள்ளினாலோ விருந்துப் பேச்சே இல்லை, நேரே மருத்துவமனைதான். அந்தத் துள்ளல் கிருமி மூளைத்தண்டைத் தொட்டதன் அடையாளமாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேடிக்கை. எல்லாம் மறந்துபோன ஒன்றிரண்டு மாதம் கழித்து, சில பிள்ளைகளுக்கு நகம் அடியோடு கழன்று வரும், வலியே இல்லாமல். காக்ஸாக்கி ஏ6 வகையில் இது அதிகம். காய்ச்சல் நாட்களில் நகம் வளரும் இடம் சில நாள் வேலையை நிறுத்தியிருக்கும்; அந்த இடைவெளி மெல்ல மேலேறி வந்து, பழைய நகத்தைத் தள்ளிவிடுகிறது. அடியில் புது நகம் வளர்ந்துகொண்டிருக்கும். நகம் உதிர்வது தொற்றாது, அந்த வாரம் யார் வீட்டு விசேஷமானாலும் தாராளமாகப் போகலாம்.